பழைய பிக்கப் கதவுக்குப் புது பீடிங் போடுவது எப்படி?

பத்துப் பதினைந்து வருடம் ஓடிய பொலேரோ பிக்கப், டாடா 207 மாதிரி வண்டிகளில் மழை பெய்தால் மிதியடி நனையும், வேகம் எடுத்தால் கதவோரம் காற்று விசிலடிக்கும். கதவு வாசலைச் சுற்றி ஓடும் ரப்பர் பட்டைதான் பீடிங். வெயிலில் காய்ந்து இறுகிய பீடிங் ரப்பர், அமுங்கினால் மறுபடி எழும்பாது. அதை மாற்றுவது கஷ்டமான வேலையே இல்லை. கதவுக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். துரு இருந்தால் மட்டும் இன்னொரு நாள் ஆகும்.

வாங்குவதற்கு முன்

ஒருவர் டார்ச்சுடன் உள்ளே உட்காரட்டும், இன்னொருவர் ஹோஸில் மெதுவாகத் தண்ணீர் விடட்டும். கீழிருந்து தொடங்கி மேலே போங்கள். மேலே ஆரம்பித்தால் வழியும் தண்ணீர் எல்லா இடத்தையும் நனைத்துவிடும், எங்கே ஒழுகுகிறது என்று தெரியாது. கதவின் உள்பக்கத்தை மூடும் டோர் பேடுக்கு அடியிலிருந்து தண்ணீர் வந்தால், உள்ளே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஷீட் கிழிந்திருக்கிறது. கதவை ஆட்டும்போது உள்ளே தண்ணீர் சலசலத்தால், அடிவிளிம்பில் உள்ள வடிகால் ஓட்டைகள் மண்ணால் அடைத்திருக்கின்றன. இந்த இரண்டுக்கும் புது பீடிங் உதவாது.

அடுத்து, கதவைப் பாதி திறந்து பின்முனையை மேலே தூக்கிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் கீல் பின் தேய்ந்திருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் ரப்பர் போட்டால் காசுதான் வீண்.

பழைய பீடிங்கில் ஒரு விரல் நீளம் வெட்டிக் கடைக்கு எடுத்துப்போங்கள். தகட்டைக் கவ்வும், உள்ளே கம்பி வைத்த பள்ளம் ஒரு பகுதி. அதை ஒட்டிய காற்றுக் குழல் இன்னொரு பகுதி. குழல் பக்கவாட்டில் இருக்கிறதா, தலைமேல் இருக்கிறதா என்பதும் அதன் பருமனும் அப்படியே ஒத்துப்போக வேண்டும். பருத்திருந்தால் கதவு சாத்தாது. மெலிந்திருந்தால் கதவைத் தொடவே தொடாது. நீளத்தைப் பழைய ரப்பரை வைத்து அளக்காதீர்கள், அது சுருங்கியிருக்கும். கதவு வாசலைச் சுற்றிச் சணல் பிடித்து அளந்து, 10 செ.மீ. கூட்டி வாங்குங்கள். உங்கள் மாடலுக்கென்றே வளையமாக வரும் பீடிங் கிடைத்தால் அதுவே நல்லது.

கழற்றுவதும் தகட்டைத் தயார்செய்வதும்

கதவு வாசலின் அடியில் இருக்கும் படியில் உள்ள பிளாஸ்டிக் பட்டையின் ஸ்க்ரூக்களைக் கழற்றிவிட்டு, பீடிங்கைக் கீழிருந்து கையால் உருவுங்கள். ஒட்டிக்கிடக்கும் பழைய பசையை டர்பெண்டைன் நனைத்த துணியால் துடையுங்கள். பெட்ரோல் வேண்டாம்: தீப்பிடிக்கும், மிச்சமிருந்தால் ரப்பரையும் கெடுக்கும்.

நேரம் செலவிட வேண்டியது இங்கேதான். பீடிங் பிடித்து நிற்பது தகட்டின் விளிம்பில். துரு பிடித்து அந்த விளிம்பு உப்பியிருந்தால் பள்ளம் அடிவரை இறங்காது. உதிர்ந்து மெலிந்திருந்தால் கவ்வாது. கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, 120, பிறகு 220 எண் உப்புத்தாள் பிடித்து, ரெட் ஆக்சைடு பிரைமர் இரண்டு கை அடியுங்கள். அதன்மேல் பெயின்ட் அடித்து ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். வளைந்த இடங்களைத் துணி சுற்றிய கொறடால் நிமிர்த்துங்கள்.

போடுவது

இணைப்பு கீழே, படியின் நடுவில் வரட்டும். மேலே வைத்தால் கூரையில் வழியும் தண்ணீர் அந்தக் கோட்டிலேயே இறங்கும். படி நடுவில் தொடங்கி, குழல் கதவைப் பார்த்தபடி, பள்ளத்தை விளிம்பில் அழுத்தி ரப்பர் சுத்தியால் தட்டிக்கொண்டே போங்கள்.

எந்த இடத்திலும் இழுக்காதீர்கள். இழுத்துப் போட்ட ரப்பர் சில நாளில் பழைய நீளத்துக்குத் திரும்பும். அப்போது முன்கண்ணாடித் தூணும் கூரையும் சேரும் முன்மூலையில் விளிம்பை விட்டு எழும்பி, விரல் நுழையும் இடைவெளி விடும். மூலைக்கு வந்ததும் ரப்பரைக் கொஞ்சம் தளர்வாகத் தள்ளிக்கொடுத்து, முதலில் மூலையை உட்காரவைத்துவிட்டு நேர்ப்பகுதிக்குப் போங்கள். முடிவில் 5 மி.மீ. கூடுதலாக விட்டுப் புது பிளேடால் நேராக வெட்டி, இரண்டு முனையிலும் ஒரு துளி இன்ஸ்டன்ட் பசை வைத்து நெருக்கி அழுத்துங்கள்.

சோதனை

நோட்டுத்தாளை 5 செ.மீ. அகலத்துக்குக் கிழித்து, கதவோரம் சாணுக்கு ஒரு இடத்தில் வைத்துச் சாத்தி இழுங்கள். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இறுக வேண்டும். பின்பக்கம் முழுவதும் தளர்வாக வந்தால், கதவுப் பூட்டு மாட்டும் ஸ்ட்ரைக்கரைச் சுற்றி முதலில் பென்சிலால் கோடு போட்டுவிட்டு, 1 மி.மீ. மட்டும் உள்ளே நகர்த்துங்கள். மேல்பக்கம் மட்டும் தளர்வு என்றால் கதவு பிரேம் வளைந்திருக்கிறது. அது தகடு நிமிர்த்தும் டிங்கர் செய்ய வேண்டிய வேலை.

முதல் இரண்டு வாரம் கதவு கனமாகத்தான் சாத்தும். அதற்காக ஸ்ட்ரைக்கரை வெளியே தள்ளிவிடாதீர்கள். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவைத்துச் சாத்தினால் உள்ளே அடைபடும் காற்று வெளியேறும். ரப்பர் படிந்ததும் தானே சரியாகும். நான்கு மாதத்துக்கு ஒருமுறை சிலிக்கான் ஸ்ப்ரேயைத் துணியில் அடித்துத் துடைத்துவிடுங்கள். கிரீஸ், என்ஜின் ஆயில், டீசல் எதுவும் படக்கூடாது. பட்டால் ரப்பர் ஊதிப்போய் நெகிழும்.