புது கம்ப்யூட்டரில் ஓஎஸ் போடும்போது பூட் ஆகவில்லையா? எங்கே நிற்கிறது என்று முதலில் பாருங்கள்

புது லேப்டாப் வாங்கியாச்சு, இல்லை பார்ட்ஸ் வாங்கி அசெம்பிள் செய்தாச்சு. பென்டிரைவைச் செருகி விண்டோஸோ உபுண்டுவோ போடலாம் என்று உட்கார்ந்தால் கறுப்புத் திரை, அல்லது பூட் ஆக எதுவும் இல்லை என்று ஒற்றை வரி. உடனே பயாஸுக்குள் (ஆன் செய்ததும் மெஷினை எழுப்பும், போர்டிலேயே இருக்கும் செட்டிங்ஸ் திரை) போய் கண்ணில் பட்டதையெல்லாம் மாற்றிப் பார்ப்பார்கள், அதில் ஒரு பிரச்சினை மூன்றாகிவிடும். மெஷின் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்த மாதிரி. கம்பெனி லோகோவே வரவில்லையா, லோகோ வந்தும் பென்டிரைவை எடுக்கவில்லையா, இன்ஸ்டாலர் வந்து டிஸ்க்கைக் காட்டவில்லையா, எல்லாம் முடிந்து ரீஸ்டார்ட் ஆன பிறகு எழவில்லையா என்று பாருங்கள். நாலுக்கும் வைத்தியம் வேறு வேறு. எந்த செட்டிங்கை மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் மாற்றுங்கள், மாற்றும் முன் பழைய நிலையை போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸோடு வந்த லேப்டாப் என்றால் இன்னொரு வேலையும் இருக்கிறது. இப்போது வரும் பலவற்றில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் லாகின் செய்ததுமே டிஸ்க் பூட்டு போட்டதுபோல் தானாக என்கிரிப்ட் ஆகிவிடும், நமக்குத் தெரியவே தெரியாது. அப்புறம் பயாஸில் செக்யூர் பூட்டை (அங்கீகரிக்கப்பட்ட பூட் ஃபைல்களை மட்டும் ஓடவிடும் பாதுகாப்பு) மாற்றினால் 48 இலக்க ரெகவரி கீயைக் கேட்டு நீலத்திரையில் நிற்கும். அந்த கீ உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்குப் பக்கத்தில் இருக்கும், முதலிலேயே எடுத்து எழுதி வைத்துவிடுங்கள். விண்டோஸ் இல்லாமல் விற்கும் டாஸ் லேப்டாப் வாங்கியவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

லோகோவே வரவில்லை என்றால் அது ஓஎஸ் விவகாரமே இல்லை, பென்டிரைவை மாற்றி மாற்றிச் செருகிப் பிரயோஜனம் கிடையாது. அசெம்பிள் செய்த மெஷின்தான் பெரும்பாலும் இப்படி நிற்கும். ஏஎம்டியின் ஏஎம்5 போர்டும் டிடிஆர்5 ரேமும் போட்டிருந்தால் முதல் தடவை ஆன் செய்யும்போது ரேமைப் பரிசோதித்துப் பழகிக்கொள்ளவே சில நிமிடம் எடுக்கும், அதுவரை திரையில் ஒன்றும் வராது. அதைப் பார்த்துப் பயந்து பவரை அணைத்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும், பொறுமையாக இருங்கள். இன்டெல்லில் பெயரின் கடைசியில் எஃப் என்று முடியும் பிராசசர்களில் கிராபிக்ஸ் கிடையாது, மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகினால் படம் வராது, கிராபிக்ஸ் கார்டில்தான் செருக வேண்டும். பிராசசருக்கான தனி பவர் கேபிள் மாட்டியிருக்கிறதா, ரேம் 'டிக்' என்று உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டால் இந்தக் கட்டம் அநேகமாக முடிந்தது.

அடுத்து, லோகோ வருகிறது, ஆனால் பென்டிரைவ் பூட் ஆகவில்லை. இறக்கிய ஐஎஸ்ஓ ஃபைலை (ஓஎஸ் முழுதும் ஒரே ஃபைலாக) அப்படியே காப்பி செய்து போட்டிருந்தால் பூட் ஆகாது, ரூஃபஸ், வென்டாய் மாதிரி ஏதாவது ஒரு சாஃப்ட்வேரில் எழுத வேண்டும், எட்சர் உபுண்டு மாதிரி லினக்ஸுக்கு மட்டும்தான் சரிவரும். ரூஃபஸில் எழுதினால் பார்ட்டிஷன் ஸ்கீம் (டிஸ்க்கைப் பிரிக்கும் முறை) ஜிபிடி, டார்கெட் யூஇஎஃப்ஐ (பயாஸின் புது வடிவம்) என்று வையுங்கள். புது லேப்டாப்கள் பலவற்றில் பழைய லெகசி பூட் முறையே எடுக்கப்பட்டுவிட்டது, அந்த லெகசி முறைக்கென்று எழுதிய பென்டிரைவை அவை கண்டுகொள்ளாமல் போக வாய்ப்பு அதிகம். கையால் ஃபார்மட் செய்து ஐஎஸ்ஓவுக்குள் இருப்பதைக் காப்பி போடுகிறவர்களுக்கு வேறொரு சிக்கல்: ஃபேட்32 ஃபார்மட்டில் 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைல் நிற்காது, விண்டோஸ் ஐஎஸ்ஓவுக்குள் இருக்கும் இன்ஸ்டால் ஃபைல் இப்போது அந்த அளவைத் தாண்டிவிட்டது.

பூட் மெனு கீ கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டெல், லெனோவோவில் எஃப்12, ஹெச்பியில் எஸ்கேப் அழுத்தி அப்புறம் எஃப்9, ஆசுஸ் லேப்டாப்பில் எஸ்கேப், எம்எஸ்ஐயில் எஃப்11. ஏசரில் எஃப்12தான், ஆனால் பல மாடல்களில் அந்த மெனுவே ஆஃப் செய்து வரும், எஃப்2 அழுத்தி பயாஸில் போய் ஆன் செய்ய வேண்டும். கீயை அழுத்தும் நேரம் பிடிபடவில்லை என்றால், ஏற்கெனவே விண்டோஸ் இருக்கும் மெஷினில் ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட்டை கிளிக் செய்யுங்கள், 'யூஸ் எ டிவைஸ்' என்று ஒன்று பெரும்பாலும் வரும், அதில் பென்டிரைவைத் தேர்ந்தெடுக்கலாம்.

லினக்ஸ் போடுகிறவர்களுக்கு செக்யூர் பூட் தனித் தலைவலி. உபுண்டு, ஃபெடோரா எல்லாம் செக்யூர் பூட் ஆனில் இருந்தாலே ஓடும், அதை அணைக்கச் சொல்லும் பழைய அறிவுரையை உடனே கேட்க வேண்டாம். 'செக்யூரிட்டி பாலிசி வயலேஷன்' என்று வந்து அணைந்துபோனால் உங்கள் ஐஎஸ்ஓ பழசு என்று சந்தேகப்படுங்கள். 2024 ஆகஸ்ட்டில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட், பழைய லினக்ஸ் பூட் ஃபைல்களை மெஷின் ஏற்காதபடி செய்து பலருடைய டூயல் பூட்டை (ஒரே மெஷினில் விண்டோஸும் லினக்ஸும்) கெடுத்தது. புது ஐஎஸ்ஓவை இறக்கி எழுதிப் பாருங்கள். புது திங்க்பேட் என்றால் செக்யூர் பூட் பக்கத்தில் மைக்ரோசாஃப்ட் தேர்ட் பார்ட்டி சான்றிதழை அனுமதிக்கும் ஆப்ஷன் ஆஃபில் இருக்கலாம், அதை மட்டும் ஆன் செய்தால் போதும். வென்டாய் பயன்படுத்தினால் முதல் தடவை அதன் கீயைப் பதிவு செய்யச் சொல்லும், செய்யுங்கள்.

இனி அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம். இன்ஸ்டாலர் அழகாக வருகிறது, டிஸ்க் தேர்ந்தெடுக்கும் திரை மட்டும் காலியாக இருக்கிறது. எஸ்எஸ்டி போய்விட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். இன்டெல் 11ஆம் தலைமுறைக்குப் பிறகு வந்த பல லேப்டாப்களில் விஎம்டி என்று ஒரு கன்ட்ரோலர் ஆனில் வருகிறது, எஸ்எஸ்டி அதன் பின்னால் ஒளிந்துகொள்கிறது, விண்டோஸ் இன்ஸ்டாலரிடம் அதற்கான டிரைவர் இல்லை. பயாஸில் எஸ்எஸ்டியின் பெயர் தெரிந்து இன்ஸ்டாலரில் தெரியவில்லை என்றால் அநேகமாக இதுதான். பயாஸிலேயே தெரியவில்லை என்றால் எஸ்எஸ்டியைக் கழற்றி மாட்டுங்கள், அந்த ஸ்லாட் உங்கள் எஸ்எஸ்டியின் வகைக்குப் பொருந்துகிறதா, என்விஎம்இயா சாட்டாவா என்றும் பாருங்கள்.

இதற்கு வழி இரண்டு. லேப்டாப் கம்பெனியின் சப்போர்ட் பக்கத்தில் உங்கள் மாடலுக்கான இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கி, வேறொரு கம்ப்யூட்டரில் பிரித்து, பென்டிரைவில் ஒரு ஃபோல்டராகப் போடுங்கள். பிரிக்காமல் செட்டப் ஃபைலாகவே போட்டால் இன்ஸ்டாலர் அதைக் கண்டுகொள்ளாது, உள்ளே ஐஎன்எஃப் என்று முடியும் ஃபைல் இருக்க வேண்டும். டிஸ்க் திரையில் 'லோட் டிரைவர்' அழுத்தி அந்த ஃபோல்டரைக் காட்டினால் சில நொடியில் எஸ்எஸ்டி பட்டியலில் வந்து நிற்கும். இன்னொரு வழி பயாஸில் விஎம்டியையே அணைத்துவிடுவது. ஏசரில் அந்த ஆப்ஷன் மறைத்து வைக்கப்பட்டிருக்கும், மெயின் பக்கத்தில் நின்று கன்ட்ரோல் எஸ் அழுத்தினால் வெளியே வரும். சில லேப்டாப்களில் ஆப்ஷனே கிடையாது, அவற்றில் விண்டோஸ் போட டிரைவர் வழிதான்.

ஏற்கெனவே உள்ள விண்டோஸை வைத்துக்கொண்டு பக்கத்தில் லினக்ஸ் போடப் போகிறவர்கள் விஎம்டியைச் சும்மா அணைத்தால் விண்டோஸ் நீலத்திரையோடு விழும். பதற வேண்டாம், மறுபடி ஆன் செய்தால் எழுந்துவிடும். அணைத்தே ஆக வேண்டும் என்றால் முதலில் விண்டோஸில் எம்எஸ்கான்ஃபிக் (பூட் செட்டிங்ஸ் ஜன்னல்) திறந்து சேஃப் பூட்டை டிக் செய்யுங்கள், ரீஸ்டார்ட்டில் நேராக பயாஸுக்குப் போய் விஎம்டியை அணையுங்கள், சேஃப் மோடில் ஒருமுறை விண்டோஸ் எழுந்ததும் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். சேஃப் மோடில் வேண்டிய டிரைவரை அதுவே எடுத்துக்கொள்ளும்.

டிஸ்க் தெரிகிறது, ஆனால் எம்பிஆர் (ஜிபிடிக்கு முந்தைய பழைய பிரிப்பு முறை) என்று காரணம் சொல்லி விண்டோஸ் மறுக்கிறதா? பழைய டிஸ்க்கை மாட்டியிருப்பீர்கள். ஷிஃப்ட் எஃப்10 அழுத்தினால் வரும் கறுப்பு ஜன்னலில் டிஸ்க்பார்ட், லிஸ்ட் டிஸ்க், செலக்ட் டிஸ்க் என்று எண்ணோடு, கிளீன், கன்வர்ட் ஜிபிடி என்று வரிசையாகக் கொடுத்தால் சரியாகும். கிளீன் கொடுத்த நொடியில் அந்த டிஸ்க்கில் இருந்த அத்தனையும் போய்விடும், பென்டிரைவும் அதே பட்டியலில்தான் இருக்கும், அதனால் எண்ணைப் பார்க்காமல் அளவைப் பாருங்கள். 512 ஜிபி என்று வாங்கியது அங்கே 476 என்றும், 1 டிபி 931 என்றும் காட்டும்.

இன்ஸ்டால் முடிந்து ரீஸ்டார்ட் ஆனதும் திரும்ப முதல் பக்கமே வந்தால் பென்டிரைவைப் பிடுங்காமல் விட்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான். பிடுங்கியும் எழவில்லை என்றால் பயாஸில் பூட் வரிசையில் விண்டோஸ் பூட் மேனேஜரோ உபுண்டுவோ மேலே இருக்கிறதா பாருங்கள். இரண்டு டிஸ்க் இருக்கும் மெஷினில், நீங்கள் ஒன்றில் விண்டோஸ் போட, அது சில சமயம் பூட் ஃபைல்களை மட்டும் இன்னொன்றில் கொண்டுபோய் வைத்துவிடும். பிற்பாடு அந்த டிஸ்க்கைக் கழற்றினால் விண்டோஸ் எழாது. இன்ஸ்டால் செய்யும்போது மற்ற டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிடுவதுதான் சுலபம்.

லினக்ஸ் போட்டபின் என்விடியா கார்டு உள்ள மெஷினில் லோகோவோடு திரை கறுத்துப்போனால், கிரப் மெனுவில் (எந்த ஓஎஸ் என்று கேட்கும் பூட் மெனு) உபுண்டு வரியில் நின்று இ அழுத்துங்கள், லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு நோமோட்செட் என்று ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக, சின்ன எழுத்தில் சேர்த்து எஃப்10 அழுத்துங்கள். இது ஒரு தடவைக்குத்தான், உள்ளே போனதும் என்விடியா டிரைவரைப் போட்டுவிட வேண்டும். செக்யூர் பூட் ஆனில் இருந்தால் அப்போது ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும். அடுத்த ரீஸ்டார்ட்டில் நீல நிறத்தில் ஒரு மெனு வரும், அதில் முதலாவதாக இருக்கும் 'கன்டினியூ பூட்'டை அழுத்திவிட்டுத்தான் பலர் டிரைவர் வேலை செய்யவில்லை என்று திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். 'என்ரோல் மோக்' (புது கீயைப் பதிவு செய்வது) என்பதைத் தேர்ந்தெடுத்து, வைத்த பாஸ்வேர்டைக் கொடுங்கள்.