என்ஜினை இறக்கும் முன் ஆயில் மூடியைக் கழற்றிப் பாருங்கள்

அம்பாசமுத்திரத்துக்கும் திருநெல்வேலிக்கும் வாழைத்தார் ஏற்றி ஓய்ந்த பழைய டீசல் பிக்கப் ஒன்று என்னிடம் உண்டு. கொஞ்ச நாளாகக் காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தது. பட்டறையில் காட்டினால், "அண்ணாச்சி, என்ஜினை இறக்கிர வேண்டியதுதான்" என்றார்கள். அதாவது, வண்டியிலிருந்து கழற்றி முழுசாகப் பிரித்து வேலை பார்ப்பது. சரி, அதற்கு முன் ஒரு சோதனை.

என்ஜின் சூடானதும் ஆக்சிலேட்டரை மிதிக்காமல் ஐடிலில் ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி அதே வாயில் தலைகீழாக வையுங்கள். லேசாக நடுங்கினால் பயமில்லை. துள்ளி விழுந்து, புகையும் குபுகுபுவென்று வந்தால் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங், பிஸ்டன் ஏறி இறங்கும் உறையான லைனர் தேய்ந்திருக்கலாம். அப்போதும் கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் அளவை, அளந்து பார்க்காமல் இறக்கச் சம்மதிக்காதீர்கள்.

என் வண்டியில் மூடி அசையவே இல்லை. மறுநாள் காலை டீசல் பில்டர் மேலிருக்கும் கைப்பம்பை நாலு அழுத்து அழுத்தினேன். ஒரே செல்பில் எடுத்தது. டீசல் வரும் ரப்பர் குழாயில், கிளாம்ப் ஓரத்தில் மயிரிழை வெடிப்பு. நிற்கும்போது அதன் வழியே காற்று புக, டீசல் டேங்குக்கே திரும்பியிருக்கிறது. அரை முழக் குழாயோடு வேலை முடிந்தது.

புகையையும் கவனியுங்கள். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் முதலில் ஏர் பில்டர், அப்புறம் டீசலைப் பீய்ச்சும் நாசில். சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் என்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கட் மேல் சந்தேகப்படலாம்.

இறக்கித்தான் ஆகவேண்டும் என்றால், கிராங்க் என்னும் சுழல்தண்டைப் பிடித்திருக்கும் பேரிங் கேப் ஒவ்வொன்றிலும் எண்ணும் திசையும் குறித்த பிறகே கழற்றச் சொல்லுங்கள். இடம் மாறினால் கிராங்க் இறுகிவிடலாம்.