‘ஜெனிடிக்தான்மா’ என்று சொல்லி நிறுத்தாதீர்கள்: வெண்புள்ளி பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஓ.பி.யில் பக்கத்து மேசையில் ஓர் இளம் டாக்டர். எதிரே ஓர் அம்மா, பத்து வயதுப் பையன், இடுப்பில் ஒரு கைக்குழந்தை. பையனின் முழங்காலில் இரண்டு வெண்புள்ளிகள். “இது பரம்பரையா டாக்டர்?” என்று அம்மா கேட்டார். “ஜெனிடிக்தான்மா” என்று சொல்லிவிட்டு டாக்டர் மருந்துச் சீட்டு எழுத ஆரம்பித்துவிட்டார். அந்த அம்மா உடனே கைக்குழந்தையின் பாவாடையை விலக்கி முழங்காலைத் தடவிப் பார்த்தார். அதற்கு மேல் என்னால் பேசாமல் உட்கார முடியவில்லை. இருபது வருடங்களுக்கு முன் நான் சொன்ன பதிலும் இதேதான்.

இது தொற்றாது, பாலும் மீனும் காரணமில்லை என்பதெல்லாம் தோல் பிரிவுக்கு வந்த முதல் நாளே உங்களுக்குத் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

‘வெண்குஷ்டம்’

அந்தச் சொல்லைச் சீட்டில்கூட எழுதாதீர்கள்.

‘ஆமாம், மரபணுதான்’ என்று சொல்லி நிறுத்துவது

இருபது வருடங்களுக்கு முந்தைய அந்த நாளில் அக்காவும் தங்கையுமாக வந்திருந்தார்கள். அக்காவுக்கு விரல் நுனிகளிலும் உதட்டோரத்திலும் வெண்புள்ளி. தங்கைக்கு ஒன்றுமில்லை, அடுத்த மாதம் நிச்சயதார்த்தம். கூடவே மாப்பிள்ளையின் அத்தை. அந்த அத்தைதான் கேட்டார், “இது வழிவழியா வர்றதுங்களா?” வாசலில் அறுபது டோக்கன் காத்திருந்தது. “மரபணு சம்பந்தம் உண்டு” என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

மறு மாதம் அக்கா மட்டும் வந்தாள். “பரம்பரை வியாதின்னு டாக்டரே சொல்லிட்டாங்கன்னு தங்கச்சி சம்பந்தத்த நிறுத்திட்டாங்க மேடம்.” கோபமாகக்கூடச் சொல்லவில்லை. தன் விரல்களையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் நம் ஊரில் பரம்பரை என்றால் தாத்தா, அப்பா, பேரன் என்று தவறாமல் இறங்கி வருவது. வெண்புள்ளி அப்படி வருவதில்லை. 2003-இல் வெள்ளையர் குடும்பங்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு வந்திருந்தது. நோயுள்ளவரின் உடன்பிறந்தவர்களில் சுமார் 6 சதவீதம் பேருக்குத்தான் அது வந்திருந்தது. நூறு தங்கைகளில் 94 பேருக்கு இல்லை. அச்சு அசலாக ஒரே மரபணுக்களோடு பிறக்கும் ஒருகரு இரட்டையரிலேயே ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கும் இருந்தது 23 சதவீதம்தான். மரபணு மட்டுமே எல்லாவற்றையும் முடிவு செய்கிறது என்றால் அது நூறுக்குப் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். இந்த எண்கள் அன்றைக்கே எனக்குத் தெரியும். சொல்வதற்கு இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடத்தை நான் கொடுக்கவில்லை, இன்றுவரை அது உறுத்துகிறது.

இதே எண்ணை இன்னொரு விதமாகவும் சொல்லிக் கெடுக்கலாம். அதே ஆய்வில் உடன்பிறந்தோருக்கான அபாயம் பொது மக்களைப் போலச் சுமார் 18 மடங்கு. ‘18 மடங்கு’ என்று கேட்கிற அம்மாவுக்கு அன்று இரவு தூக்கம் வருமா? இரண்டும் ஒரே உண்மைதான். நான் இப்போது சீட்டின் பின்பக்கத்தில் பத்து வரிசையாக நூறு புள்ளி வைத்து, ஆறை மட்டும் பேனாவால் நிரப்பிக் காட்டுகிறேன். பெரும்பாலானவர்கள் அந்தச் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போகிறார்கள். வீட்டில் யாருக்கோ காட்ட வேண்டியிருக்கிறது, அதனால்தான்.

உமிழ்நீர் ரிப்போர்ட்டை அப்படியே நம்புவது

ஐ.டி. வேலை பார்க்கும் ஒரு தம்பி, தபாலில் உமிழ்நீர் அனுப்பி வாங்கிய மரபணு ரிப்போர்ட்டோடு வந்தார். டி.ஒய்.ஆர். (TYR) என்னும் மரபணுவுக்கு நேரே சிவப்புக் கட்டம், பி.டி.பி.என்.22 (PTPN22) என்னும் இன்னொரு மரபணுவுக்கு நேரே பச்சை. சிவப்பைப் பார்த்துப் பயம், பச்சையைப் பார்த்து நிம்மதி. இரண்டுமே தேவையில்லாதவை.

வெண்புள்ளியோடு தொடர்புள்ள மரபணு இடங்கள் இதுவரை சுமார் 50 தெரியவந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் சேர்க்கும் அபாயம் கொஞ்சம்தான். பாதிக்கு மேல் நோயெதிர்ப்பைச் சேர்ந்தவை, சில மட்டும் நிறமிக்கானவை. அந்தச் சிலவற்றில் ஒன்றுதான் டி.ஒய்.ஆர். தோலுக்கு நிறம் தரும் மெலனினைச் செய்யும் டைரோசினேஸ் நொதி அதிலிருந்துதான் வருகிறது. அரிசி மண்டியில் மூட்டைக்குள் குத்தூசி விட்டு, நாலு அரிசியை உள்ளங்கையில் எடுத்துக் காட்டுவார்கள் அல்லவா? ஆறாவது குரோமோசோமில் உள்ள எச்.எல்.ஏ. மரபணுக்கள் செய்யும் புரதங்களின் வேலையும் அதுதான்: செல்லுக்குள் இருக்கும் சரக்கில் துளி எடுத்து, நோயெதிர்ப்புக் காவலர்களான டி செல்களுக்கு நீட்டுவது. சிலருடைய எச்.எல்.ஏ. வகை டைரோசினேஸ் துண்டை நன்றாக ஏந்திக் காட்டிவிடுகிறது. டி செல் அதை அந்நியச் சரக்கு என்று எடுத்துக்கொண்டால் மெலனோசைட் என்னும் நிறமி செல் போயிற்று.

இப்போது அந்தச் சிவப்புக் கட்டம். டி.ஒய்.ஆரில் ‘அபாய வகை’ என்று குறிப்பது பெரும்பாலான மனிதர்களிடம் இருக்கும் சாதாரண வகையைத்தான். குறைவான பேரிடம் இருக்கும் மற்ற வகை வெண்புள்ளி அபாயத்தைக் கொஞ்சம் குறைக்கிறது. ஆனால் மெலனோமா என்னும் தோல் புற்றுநோயின் அபாயத்தைக் கொஞ்சம் கூட்டுகிறது. அந்தத் தம்பிக்கு எது நல்ல செய்தி என்று கட்டத்துக்கு எப்படி நிறம் அடிப்பது? பி.டி.பி.என்.22-இன் பச்சைக்கும் அர்த்தமில்லை. ஐரோப்பியரிடம் பேசப்படும் அந்த மாற்றம் நம் மக்களிடம் மிக அரிது; குஜராத்தில் தேடிப் பார்த்தபோது அதற்கும் வெண்புள்ளிக்கும் தொடர்பு கிடைக்கவில்லை. வேறொரு மக்களுக்கு நெய்த சல்லடையில் நம்மைச் சலித்த ரிப்போர்ட் அது.

ஒரு பக்கத்து வெண்புள்ளிக்கும் இதே கணக்கைச் சொல்வது

உடலின் ஒரு பக்கத்தில், ஒரு பட்டையாக மட்டும் வரும் வகைக்குக் குடும்பத் தொடர்பு மிகக் குறைவு. முதலில் வகையைப் பாருங்கள், அப்புறம் எண் சொல்லுங்கள்.

‘வீட்டில் யாருக்காவது இருக்கா?’ என்று மட்டும் கேட்பது

இல்லை என்பார்கள். அதோடு விடக்கூடாது. தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர் உண்டா, சின்ன வயதிலேயே இன்சுலின் போட ஆரம்பித்தவர் உண்டா, தலையில் புழுவெட்டு வந்தவர் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். வெண்புள்ளியோடு தொடர்புள்ள மரபணுக்கள் பலவற்றுக்கு இந்த நோய்களிலும் பங்கு உண்டு. “அத்தைக்கு மீசையில வட்டமா முடி கொட்டிச்சு... இல்ல இல்ல, அத்தையோட பையனுக்கு” என்று மெதுவாகத்தான் கதை வெளியே வரும். நோயாளிக்குக் கட்டாயம் டி.எஸ்.எச். என்னும் தைராய்டு ரத்தப் பரிசோதனை எழுதுங்கள். சோர்வாக இருக்கிறது, எடை கூடுகிறது என்று அலைந்துகொண்டிருப்பவர்கள் நிறையப் பேர் இதில்தான் பிடிபடுகிறார்கள்.

பொட்டு பற்றிக் கேட்க மறப்பது

ஒருகரு இரட்டையரில் மீதி 77 சதவீதம் பேரை எது காப்பாற்றியது? முழு விடை யாரிடமும் இல்லை. ஒரு துண்டு விடை நெற்றியில் இருக்கிறது. ஸ்டிக்கர் பொட்டுப் பசையில் இருக்கும் சில பினால் ரசாயனங்கள் நிறமி செல்களைச் சிதைக்கும். பொட்டு அளவுக்கு, அதே வட்டத்தில் வெளுத்த நெற்றியோடு ஒரு டீச்சர் வந்தார். அவருடைய அக்காவும் அதே அட்டையிலிருந்துதான் பொட்டு எடுத்து வைக்கிறார், அவருக்கு ஒன்றுமில்லை. ஜப்பானில் 2013-இல் ரோடோடெண்ட்ரால் என்னும் நிறம் வெளுக்கும் ரசாயனம் கலந்த முகப்பூச்சுகளைத் திரும்பப் பெற்றபோதும் இதே கதைதான். பூசியவர்களில் ஒரு சிறு பங்கினருக்கு மட்டும் தோல் வெளுத்தது.

குடும்ப மரம் வரைந்து முடித்ததும் பொட்டு, ரப்பர் செருப்பு வார், வாட்ச் ஸ்ட்ராப், சிவப்பழகு கிரீம் எல்லாவற்றையும் கேளுங்கள். டீச்சர் இப்போது குங்குமத்துக்கு மாறிவிட்டார். ஓரத்திலிருந்து மெல்ல நிறம் ஏறிக்கொண்டிருக்கிறது.