கண்மாய் வேலைக்கு யாரிடம் எதைக் கேட்பது

பக்கத்து ஊர்களிலிருந்து என்னைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள்: "கண்மாயைத் தூர்வாரணும், எந்தக் கம்பெனியைப் பிடிக்கலாம்?" சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊர் ஆயக்கட்டுச் சங்கத்துக்கு, அதாவது கண்மாய்ப் பாசன விவசாயிகள் சங்கத்துக்கு, நான் செயலாளர். கம்பெனி, ரோட்டரி, கல்லூரி, தொண்டு நிறுவனம், வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்கள் என்று எல்லாரோடும் வேலை பார்த்தாகிவிட்டது. ஒவ்வோர் அமைப்புக்கும் அதன் காலக்கணக்கு வேறு, சட்டம் வேறு, கொடுக்க முடிந்தது வேறு. அது தெரியாமல் எல்லாரிடமும் ஒரே மனுவை நீட்டுவதால்தான் பல ஊர்களில் வேலை பாதியில் நிற்கிறது.

கம்பெனியை அப்புறம் பார்ப்போம். முதலில் கண்மாய் யார் பொறுப்பில் இருக்கிறது என்று பாருங்கள். ஆயக்கட்டு, அதாவது கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலம், 100 ஏக்கருக்கு (40 ஹெக்டேருக்கு) மேல் என்றால் பெரும்பாலும் நீர்வளத் துறை. அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். கோயில் தெப்பக்குளம் என்றால் அறநிலையத் துறை. உரிய அலுவலகத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் ஒரு ஜேசிபியையும் கரைக்குள் இறக்கக் கூடாது. வண்டல் மண்ணை வயலுக்கு எடுக்க மட்டும் வழி எளிதாகியிருக்கிறது. 2024இல் இருந்து வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி வாங்கலாம்.

அடுத்தது கிராமசபைத் தீர்மானம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்தில் ஆறு நாள் இருக்கிறது. மார்ச் 22 தண்ணீர் தினம், நம் காரியத்துக்குப் பொருத்தமான நாள். தீர்மானத்தில் சர்வே எண், நீர்ப்பரப்பு, ஆயக்கட்டு, என்ன வேலை, யார் மேற்பார்வை என்ற ஐந்தும் இருக்கட்டும். யாராவது ஒரு தீர்மான நகலை என்னிடம் காட்டினால், கடைமடைக்காரர், அதாவது வாய்க்காலின் கடைசியில் நிலம் உள்ளவர், கையெழுத்து இருக்கிறதா என்றுதான் நான் முதலில் தேடுவேன். காலனித் தெருக்காரர்களின் நிலம் பல ஊர்களில் கடைமடையில்தான் கிடக்கிறது. அவர்களையும், ஆடு மாடு வளர்க்கிறவர்களையும், மீன்பாசிக் (கண்மாய் மீன்) குத்தகைக்காரரையும் கூப்பிடாமல் போட்ட தீர்மானத்தை நான் ஊர்த் தீர்மானமாக எடுத்துக்கொள்வதில்லை. வேலை நடக்கும்போது ஆட்சேபம் கிளம்புவதும் அங்கிருந்துதான். அதில் நியாயமும் இருக்கும்.

சரி, இப்போது கம்பெனி. 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி, நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், அல்லது விற்றுமுதல் 1000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி, இந்த மூன்றில் ஒன்றை எட்டிய கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். இதைத்தான் சி.எஸ்.ஆர். என்கிறோம். எதற்கெல்லாம் செலவிடலாம் என்பது சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் இருக்கிறது. இயற்கை வளப் பாதுகாப்பும் ஊரக மேம்பாடும் அதில் உண்டு. தொழிற்சாலை இருக்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரவேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. அதனால் சென்னைத் தலைமையகத்துக்கு மனு அனுப்புவதைவிட, உங்கள் ஊரிலிருந்து பஸ் பிடித்துப் போகும் தூரத்தில் இருக்கும் ஆலையின் மனிதவள மேலாளரைப் பார்ப்பது பலன் தரும்.

இரண்டு இடத்தில் ஊர்க்காரர்கள் சிக்கிக்கொள்கிறார்கள். ஒன்று, பணம் யார் கணக்குக்குப் போகும் என்பது. ஊர்ச் சங்கத்தின் வங்கிக் கணக்கில் கம்பெனி நேராகப் போட முடியாது. வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவும், மூன்று ஆண்டு அனுபவமும், மத்திய அரசிடம் சி.எஸ்.ஆர்.-1 படிவம் கொடுத்து வாங்கிய பதிவு எண்ணும் உள்ள அறக்கட்டளையோ சங்கமோ வேண்டும். அது இல்லையென்றால் கம்பெனியே வேலையை நேரடியாக நடத்தலாம். வண்டி வாடகை, டீசல் பில் எல்லாம் அவர்கள் பெயரிலேயே போகும். எனக்கு இந்த இரண்டாவது வழிதான் பிடிக்கும். ஊருக்குள் பணம் புழங்காது, சந்தேகமும் கிளம்பாது.

இன்னொன்று காலம். கம்பெனியின் கணக்கு ஆண்டு மார்ச் 31இல் முடிகிறது. ஜனவரி, பிப்ரவரியில் "பணம் இருக்கிறது, உடனே செலவு செய்யணும்" என்று கூப்பிடுவார்கள். அப்போது நம் கண்மாயில் தண்ணீர் நிற்கும், வயலில் நெல் நிற்கும். மண் வேலைக்கு ஏற்ற காலம் சித்திரையிலிருந்து ஆவணி வரை, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால்தான். இதற்காகக் கண்மாய்த் தண்ணீரை அவசரமாக வடித்துவிட்ட ஊர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சட்டத்திலேயே வழி இருக்கிறது. வேலையைத் 'தொடர் திட்டம்' என்று கம்பெனியின் இயக்குநர் குழு ஒப்புதல் கொடுத்துவிட்டால், செலவாகாத தொகையை ஆண்டு முடிந்த 30 நாளுக்குள் தனிக் கணக்கில் போட்டுவைத்து, அடுத்த மூன்று நிதியாண்டுக்குள் செலவழிக்கலாம். மார்ச்சில் ஒப்புதல், மே மாதம் வண்டி. இதை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். புதிதாக வந்த அதிகாரிக்கு இது தோன்றாமல் இருக்கலாம்.

கம்பெனிக்கு ஒரே பக்கத்தில் எழுதுங்கள். "எங்கள் கண்மாய் பாரம்பரியமானது" என்று தொடங்கும் மனு மேசையிலேயே கிடக்கும். இப்படி எழுதலாம்: "10 ஹெக்டேர் உள்வாயில் (தண்ணீர் நிற்கும் பரப்பில்) சராசரி 30 சென்டிமீட்டர் வண்டல் எடுத்தால் 30,000 கன மீட்டர் கொள்ளளவு கூடும். ஒருமுறை நிரம்பினால் கூடுதலாக 3 கோடி லிட்டர் தண்ணீர் நிற்கும். வண்டலை ஆயக்கட்டு விவசாயிகள் சொந்தச் செலவில் எடுத்துக்கொள்வார்கள்." ஆண்டறிக்கையில் போட அவர்களுக்கு இந்த எண் தேவை. துறைப் பொறியாளர் கையெழுத்திட்ட மதிப்பீடு, கிராமசபைத் தீர்மானம், மடை (வயலுக்குத் தண்ணீர் திறக்கும் மதகு), கலுங்கு (மிகுதித் தண்ணீர் வழியும் இடம்), வரத்துக்கால் (கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாய்) மூன்றின் இப்போதைய படங்கள், இவற்றை இணைத்தால் போதும்.

இந்த இடத்தில் நான் அழுத்திச் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. கம்பெனிகளுக்குக் கண்மாயின் வயிற்றைத் தோண்டத்தான் ஆசை. படத்தில் பெரிதாகத் தெரியும். வரத்துக்காலைச் சுத்தம் செய்ய யாரும் முன்வருவதில்லை. அது முள்ளுக்குள் கிலோமீட்டர் கணக்கில் போகும், பெயர்ப் பலகை வைக்க இடமிருக்காது. ஆனால் வரத்துக்கால் அடைந்து கிடந்தால் எவ்வளவு ஆழம் தோண்டினாலும் தண்ணீர் வராது. அதனால் எங்கள் மனுவில் வரத்துக்கால் முதல் வேலை, மடைப் பழுது இரண்டாவது, தூர்வாருவது மூன்றாவது. வரிசையை மாற்றச் சொன்ன ஒரு நிறுவனத்தின் பணத்தை நாங்கள் வேண்டாம் என்றோம். இன்றைக்கும் அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

வண்டி இறங்கிய பிறகு யாராவது ஒருவர் நாள் முழுக்கக் கூடவே நிற்க வேண்டும். ஓட்டுநர் கரையடியில் அள்ளத்தான் பார்ப்பார். அங்கே மண் இறுக்கம், கரைமேல் போடத் தூரம் குறைவு. அதை அனுமதித்தால் கரை உள்ளுக்குள் சரியும். மடையின் அடிமட்டத்தை முதல் நாளே கல் நட்டுக் குறித்துவிடுங்கள். அதற்குக் கீழே தோண்டினால் அந்தத் தண்ணீர் வயலுக்குப் பாயாது. மாட்டுக்கும் கிணற்று ஊற்றுக்கும் உதவும், மறுக்கவில்லை. எவ்வளவு என்பதை ஊர் முடிவு செய்யட்டும்.

ரோட்டரி, லயன்ஸ் சங்கங்களின் ஆண்டு ஜூலை 1இல் தொடங்குகிறது. அன்றைக்குத் தலைவர் மாறுவார். மே மாதம் போய் இப்போதைய தலைவரைப் பார்ப்பதில் அர்த்தமில்லை. அடுத்து வரப்போகிறவரைப் பாருங்கள். தன் ஆண்டில் முடித்துக்காட்டக்கூடிய ஒன்றைத்தான் அவர் தேடிக்கொண்டிருப்பார். மடைக்குப் புது ஷட்டர், படித்துறை, கன்றுகளுக்குக் கூண்டு என்று ஒரே ஆண்டில் முடிகிற வேலையைக் கேளுங்கள். ரோட்டரி அறக்கட்டளையின் உலகளாவிய மானியத்துக்கு வேறொரு நாட்டுச் சங்கமும் சேர வேண்டும், திட்டம் குறைந்தது 30,000 டாலர் இருக்க வேண்டும். சின்னக் கண்மாய்க்கு அது பொருந்தாது.

கல்லூரி நாட்டு நலப்பணித் திட்டப் பிள்ளைகளுக்கு ஏழு நாள் சிறப்பு முகாம் உண்டு. அவர்கள் கையில் மண்வெட்டியைக் கொடுத்து வெயிலில் நிறுத்துவதைப் பார்த்தால் எனக்கு மனசு கஷ்டப்படும். மண் வேலைக்கு இயந்திரம் இருக்கிறது. அவர்கள் செய்யக்கூடியது வேறு: வரத்துக்கால் முழுக்க நடந்து அடைப்புகளைக் குறிப்பது, கிணறுகளின் நீர்மட்டம் அளப்பது, வயல்களுக்குத் தண்ணீர் பங்கிட்டுவிட்ட பழைய நீர்க்கட்டியிடம் எந்த மடை எந்த வயலுக்கு என்று கேட்டு எழுதுவது. ஆவணி, புரட்டாசியில் முகாம் அமைந்தால் பனங்கொட்டை பொறுக்கி கரையின் வெளிப்பக்கம் ஊன்றச் சொல்லலாம். தங்கப் பள்ளிக்கூடமும் மூன்று வேளைச் சாப்பாடும் ஊர் பொறுப்பு. பிள்ளைகள் எழுதிக் கொடுத்த வரத்துக்கால் வரைபடத்தைத்தான் நாங்கள் இன்றும் எல்லா மனுவிலும் இணைக்கிறோம்.

தொண்டு நிறுவனங்களில் இரண்டு வகை. வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள், வேலைக்குப் பிறகும் ஊரில் ஆள் வைத்திருப்பவர்கள். மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளை பல ஆண்டுகளாக ஆயக்கட்டு விவசாயிகளை 'வயலகம்' என்ற சங்கங்களாகச் சேர்த்துவருகிறது. அது இரண்டாம் வகை. எந்த நிறுவனமானாலும் ஐந்து வருஷத்துக்கு முன் அவர்கள் வேலை செய்த கண்மாயை, அவர்கள் இல்லாமல், நீங்களாகப் போய்ப் பாருங்கள்.

சிங்கப்பூர், வளைகுடா ஊர்க்காரர்கள் வாட்ஸ்அப்பில் கேட்ட அன்றைக்கே அனுப்புவார்கள். இதில் சட்டச் சிக்கல் ஒன்று இருக்கிறது. இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால் ஆகும், வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி வாங்கும் எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு இல்லாத சங்கம் அதை வாங்கக் கூடாது. அண்ணன் தம்பி முறை என்றாலும் கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

உள்வாயில் நாட்டுக்கருவேல் நின்றால் வனத்துறையைக் கேட்காமல் கை வைக்காதீர்கள். சமூகக் காடு திட்டத்தில் நட்ட மரங்களுக்குக் கணக்கு உண்டு, பறவைகளும் அதில்தான் கூடு கட்டும். எங்கள் மாவட்டத்து வேட்டங்குடியில் பறவைகளுக்காக ஊரே தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. சீமைக்கருவேலத்தை மட்டும் வேரோடு எடுங்கள், அதற்கும் அனுமதி வாங்கியே.

வேலை முடிந்ததும் கலுங்குச் சுவரில் அளவுகோல் வரைந்து, கார்த்திகை முதல் மாசி வரை மாதம் ஒருமுறை நீர்மட்டத்தைப் படம் பிடித்து, பணம் கொடுத்தவர், ஒன்றிய அலுவலகம், கல்லூரி என எல்லாருக்கும் அனுப்புங்கள். தண்ணீர் வராத வருஷமும் அனுப்புங்கள். மீன்பாசிக் குத்தகைப் பணம் ஊராட்சிக்கு வருகிற கண்மாய் என்றால், அதில் ஒரு பங்கு வரத்துக்கால் முள் வெட்டுக்கு என்று அடுத்த கிராமசபையிலேயே தீர்மானம் போட்டுவிடுங்கள்.