பழைய லேப்டாப்புக்கு எந்த லினக்ஸ்?

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் தமிழ் மீடியத்தில் படிக்கும் பிள்ளைகளுக்கு லினக்ஸ் (விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளம்) புதிதல்ல. கேரளப் பள்ளிகளில் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட கைட் குனு/லினக்ஸ்தான் ஓடுகிறது. வீட்டு லேப்டாப்புக்கும் அதே குடும்பத்தில் ஒன்றை எடுங்கள். சந்தேகம் வந்தால் பிள்ளைகளே சொல்லிக்கொடுப்பார்கள்.

உபுண்டு குடும்பத்தில் லினக்ஸ் மின்ட் நல்ல தேர்வு. 4 ஜிபி ரேம் என்றால் அதன் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு, 8 ஜிபி இருந்தால் சின்னமன் பதிப்பு. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு.

நிறுவுவதற்கு முன்னால் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். இதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, மூடியை மூடித் திறந்தால் விழித்துக்கொள்கிறதா? வைஃபை மட்டும் தகராறு செய்தால் பயப்பட வேண்டாம். நிறுவிய பிறகு போனை கேபிளில் இணைத்து யுஎஸ்பி டெதரிங் போட்டு (போனின் இணையம் லேப்டாப்புக்கு வரும்), மின்டின் டிரைவர் மேனேஜரைத் திறந்து வைஃபை டிரைவரை நிறுவினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அப்புறம் மொழி. நம் ஊரில் தமிழும் மலையாளமும் இரண்டுமே வேண்டும். பல மொழிகளில் தட்டச்சு செய்ய உதவும் ஐபஸ் (IBus), அதனுடன் ஐபஸ்-எம்17என் (ibus-m17n) தொகுப்பு போட்டால் தமிழ்99 விசைப்பலகையும் மலையாள இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகையும் சேர்ந்தே கிடைக்கும். மலையாளக் கூட்டெழுத்துகள் அழகாகத் தெரிய, சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழுவின் எழுத்துருக்களையும் சேர்த்துவிடுங்கள்.

தீம், பேனல் என்று கை வைப்பதற்கு முன் மின்டிலேயே இருக்கும் டைம்ஷிப்டில் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துவையுங்கள்; ஏதாவது கெட்டுப்போனால் பழைய நிலைக்குத் திரும்பலாம். அது சிஸ்டத்தை மட்டுமே காக்கும். போட்டோக்களுக்குத் தனி பேக்கப் வேண்டும்.