கொழும்பு வீட்டில் எறும்பு வளர்ப்பு: ராணியிலிருந்து தொடங்குவோம்

புற்றைக் கிளறி எறும்புகளை அள்ளி வருவதில் பயனில்லை. ராணி இல்லாவிட்டால் புதிதாக எதுவும் பிறக்காது, இருப்பவை ஒவ்வொன்றாகச் சாகும். ஆகவே முதலில் ராணி.

ஏப்ரலில் பின்னேர இடிமழைக்குப் பிறகும், ஒக்டோபர், நவம்பர் மழையிலும் தேடுங்கள். பல்கனி லைட்டைச் சுற்றுவதில் நிறைய ஈசல்தான். ஈசலுக்கு நான்கு இறக்கையும் ஒரே நீளம், இடுப்பே இராது. எறும்புக்கு இடுப்பு ஒடுங்கி, உணர்கொம்பு மடிந்திருக்கும். இறக்கையை உதிர்த்துவிட்டுத் தரையில் அலையும், முதுகு புடைத்த பெரிய எறும்புதான் நமக்கு வேண்டியது. கட்டெறும்பு நல்ல தொடக்கம். முசுறு வேண்டாம், இலை தைத்துக் கூடு கட்டும் சாதியை மரத்திலேயே விடுங்கள்.

அடுத்தது ராணியின் முதல் வீடு, சோதனைக் குழாய். கண்ணாடியே வாங்குங்கள், பிளாஸ்டிக் கீறல் விழுந்து மங்கிவிடும்.

இனிப் பஞ்சு. பலரும் கோட்டை விடுவது இங்கேதான். குழாயில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் விட்டு, பாமசிப் பஞ்சை இறுக்கி உருட்டி, பென்சிலின் பின்பக்கத்தால் மெதுவாகத் தள்ளுங்கள். தண்ணீர் பஞ்சை முழுதாக நனைத்து மேலே கொஞ்சம் கசியும்வரை தள்ள வேண்டும். கசிந்ததை வடித்துவிடலாம். பாதியில் நிறுத்தினால் பஞ்சுக்குப் பின்னால் காற்றுக்குமிழ் தங்கிவிடும். மதிய வெக்கையில் அந்தக் காற்று விரிந்து தண்ணீரை வெளியே தள்ளும், ராணி மூழ்கும். குழாயைக் கிடத்தி ஒரு இரவு விட்டுப் பாருங்கள். காய்ந்த பக்கம் காய்ந்தே இருந்தால் சரி.

ராணியை உள்ளே விட்டு, வாயைக் காய்ந்த பஞ்சால் அடைத்து, இருட்டில் வையுங்கள். கட்டெறும்பு ராணிக்குச் சாப்பாடு வேண்டாம், பறப்பதற்கிருந்த தசையைக் கரைத்தே முதல் குஞ்சுகளை வளர்த்துவிடும். வாரத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்தால் போதும். முதல் வேலைக்காரிகள் வர ஒரு மாதத்துக்கு மேலாகலாம். அப்புறம் ஒரு துளி சீனித்தண்ணீர், பேட்டில் அடித்த ஒரு நுளம்பு. ஸ்பிரேயில் செத்த நுளம்பு வேண்டவே வேண்டாம். நுளம்புத்திரி கொளுத்தும் அறையும் ஆகாது.

நம் ஊரில் பெரிய எதிரி வீட்டுச் சிற்றெறும்புகள். பஞ்சில் சின்ன இடுக்கு இருந்தாலும் புகுந்து முட்டையைத் தூக்கிவிடும். சீனி டின்னை வைப்பதுபோல, தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவில் கிண்ணத்தைக் கவிழ்த்து அதன்மேல் குழாயை வையுங்கள்.

பின்சேர்ப்பு: அந்தத் தட்டில் நுளம்புக் குடம்பி வருவதாகச் சிலர் எழுதியிருக்கிறார்கள். டெங்குச் சோதனைக்கு பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வரும்போது எறும்புக் கதை எடுபடாது! தண்ணீரில் கொஞ்சம் சவர்க்காரம் கலந்து, வாரம் ஒருமுறை தட்டைத் தேய்த்துக் கழுவுங்கள்.

இன்னொன்று, ஈரப் பஞ்சு கறுத்துப் பூஞ்சை பிடித்தால் எறும்புகளைக் கொட்டி எடுக்காதீர்கள். புதுக் குழாயை வாயோடு வாய் வைத்து டேப் சுற்றி, பழையதில் வெளிச்சம் படவிட்டுப் புதியதை மூடி இருட்டாக்குங்கள். பெரும்பாலும் தாமாகவே குடிமாறும், சில சமயம் நாட்கள் எடுக்கும்.