முதல் காயின் செல்: தராசில் தொடங்கி சைக்ளர் வரை

பேட்டரி ஆய்வகத்தில் புதிதாகச் சேரும் மாணவருக்கு முதலில் கைக்கு வரும் வேலை காயின் செல் செய்வதுதான். அது காரைக்குடியிலுள்ள சிக்ரியாக (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) இருந்தாலும் சரி, ஏதாவது ஒரு பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறையாக இருந்தாலும் சரி. கார் சாவிக்குள்ளும் கம்ப்யூட்டர் மதர்போர்டிலும் இருக்கிற அதே சிஆர்2032 பில்லை: 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன்.

புதியவர்களின் பயமெல்லாம் குளோவ்பாக்ஸ், அதாவது காற்றும் ஈரமும் புகாத, கையுறை பொருத்திய பெட்டி மேல்தான் இருக்கும். தடித்த ரப்பர் கையுறைக்குள் கையை விட்டுச் சின்னச் சின்ன சாமான்களை எடுப்பது முதலில் கஷ்டம்தான், ஆனால் கொஞ்ச நாளில் பழகிவிடும். முடிவுகளை உண்மையில் கவிழ்ப்பது தராசு. செல் நன்றாக ஓடும், கிராஃபும் அழகாக வரும், எண் மட்டும் தப்பாக இருக்கும். அதனால் இங்கே எடை போடுவதைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறேன்.

பழகுவதற்கு லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டை, அதாவது எல்எஃப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். அக்ஷய பாதி, நஞ்சுண்டசாமி, குட்எனஃப் மூவரும் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது 1997-ல் வெளியிட்ட கேத்தோடு (நேர்மின்முனை) பொருள் இது. இதில் சரியான விடை முன்பே தெரியும் என்பது பெரிய வசதி. கொள்ளளவில் கிராமுக்கு 170 மில்லி ஆம்பியர் மணி என்பது கோட்பாட்டு உச்சம், மறுமுனையில் லித்தியம் உலோகம் வைத்து அளந்தால் மின்னழுத்தம் ஏறக்குறைய 3.4 வோல்ட். நீங்கள் எங்கே தவறினீர்கள் என்பதை இந்த இரண்டு எண்களே காட்டிக்கொடுத்துவிடும். சொந்தமாகத் தயாரித்த புதுப் பொருளை முதல் செல்லிலேயே போட்டால், பிழை பொருளிலா கையிலா என்று கண்டுபிடிக்க வழியே இருக்காது.

படி 1: ஸ்லரி (தாளில் பூசும் குழம்பு)

எல்எஃப்பி, மின்சாரம் கடத்தும் கார்பன் பிளாக் தூள், பிவிடிஎஃப் பைண்டர் (ஒட்டவைக்கும் பாலிமர்) மூன்றையும் 80:10:10 எடை விகிதத்தில் எடுங்கள். மொத்தம் 500 மில்லிகிராம் என்றால் 400, 50, 50. பிவிடிஎஃப்பைத் தூளாகப் போடாமல், முந்தின நாளே என்எம்பி கரைப்பானில் 5 சதவீதக் கரைசலாக்கி வைத்துக்கொண்டால் வேலை எளிது. 50 மில்லிகிராமுக்கு 1 கிராம் கரைசல் ஊற்றினால் போதும். எல்எஃப்பியையும் கார்பனையும் முதலில் உலர்வாக அகேட் கல்வத்தில் அரைத்துக்கொண்டு, அப்புறம் கரைசலைச் சேர்த்து, தேவைக்கு என்எம்பியைச் சொட்டுச் சொட்டாக விட்டுத் தேன் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். கட்டி இருக்கக் கூடாது.

என்எம்பி தோல் வழியாக உடலுக்குள் போகக்கூடியது, கருவைப் பாதிக்கக்கூடியது. ஃபியூம் ஹூடுக்குள், அதாவது ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் அலமாரிக்குள்தான் கையாள வேண்டும். சாதாரண நைட்ரைல் கையுறை அதை வெகுநேரம் தாங்காது, மேலே பட்டால் உடனே மாற்றுங்கள்.

இன்னொன்று. சென்னை, புதுச்சேரி மாதிரி கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் ஸ்லரி திடீரென்று ஜெல்லாகி நின்றுவிடுவது உண்டு. என்எம்பி காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். தண்ணீர் சேர்ந்தால் பிவிடிஎஃப் கரைசலிலிருந்து பிரிய ஆரம்பிக்கும். பாட்டிலைத் திறந்து போடாதீர்கள், ஸ்லரி தயாரானதும் பூசிவிடுங்கள்.

படி 2: பூச்சும் உலர்த்தலும்

கேத்தோடுக்கு அலுமினியம் தாள். கிராஃபைட் போன்ற ஆனோடு (எதிர்மின்முனை) பொருளுக்குத்தான் செம்புத் தாள், ஏனென்றால் குறைந்த மின்னழுத்தத்தில் லித்தியம் அலுமினியத்தோடு கலந்து உலோகக்கலவை ஆகிவிடும். தாளைக் கண்ணாடித் தட்டின் மேல் சுருக்கமில்லாமல் ஒட்டி, எத்தனாலால் துடைத்து, டாக்டர் பிளேடை (குழம்பைச் சீரான தடிமனில் பரப்பும் தகடு) 150 அல்லது 200 மைக்ரான் இடைவெளியில் வைத்து ஒரே சீராக இழுங்கள். ஓரத்தில் பூச்சு படாத அலுமினியம் கொஞ்சம் மிஞ்சட்டும், அதற்குப் பின்னால் வேலை இருக்கிறது.

முதலில் 70 டிகிரி வாக்கில் சாதாரண அவனில் (உலர்த்தும் அடுப்பில்) ஈரம் போகும்வரை, பிறகு வேக்குவம் அவனில் 110 டிகிரியில் இரவு முழுக்க. அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் பூச்சில் வெடிப்பு விழும்.

படி 3: வெட்டுவதும் எடை போடுவதும்

12 மில்லிமீட்டர் பஞ்ச் கருவியால் வட்டங்களை வெட்டுங்கள். ஒவ்வொன்றின் பரப்பும் 1.13 சதுர சென்டிமீட்டர். அதே தாளின் பூச்சில்லாத ஓரத்திலிருந்து அதே கருவியால் நாலைந்து வெற்று வட்டங்களையும் வெட்டி எடுத்து, அவற்றின் சராசரி எடையைக் கண்டுபிடியுங்கள். 15 மைக்ரான் தாள் என்றால் அது ஏறக்குறைய 4.6 மில்லிகிராம் வரும்.

இப்போது கணக்கு. பூச்சுள்ள வட்டம் 8.6 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். தாளின் 4.6-ஐக் கழித்தால் பூச்சு 4.0. அதில் 80 சதவீதம்தான் எல்எஃப்பி, ஆக 3.2 மில்லிகிராம். செல்லின் மொத்தக் கொள்ளளவையும் இந்தக் குட்டி எண்ணால்தான் வகுக்கப் போகிறீர்கள்.

பழைய நோட்டில் சீனியர் எழுதி வைத்த தாள் எடையையே எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? அவர் பயன்படுத்தியது 17 மைக்ரான் தாள் என்றால் அந்த வட்டம் 5.2 மில்லிகிராம் இருக்கும். வித்தியாசம் வெறும் 2 மைக்ரான்தான். ஆனால் அதைக் கழித்தால் பூச்சு 3.4, எல்எஃப்பி 2.72 என்று ஆகிவிடும். உண்மையில் கிராமுக்கு 150 தருகிற செல் இப்போது 176 தந்ததாகக் காட்டும், அதாவது கோட்பாட்டு உச்சத்தையே தாண்டிவிடும். "அக்கா, என் செல் 170-க்கு மேல போகுது!" என்று சந்தோஷமாக ஓடிவரும் ஜூனியரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, தாளை எடை போட்டாயா என்பதுதான். எல்எஃப்பியில் உச்சம் தெரிந்திருப்பதால் தப்பு பிடிபடுகிறது. புதுப் பொருளாக இருந்தால் அது அப்படியே ஆய்வுக் கட்டுரைக்குள் போய்விடும்.

0.01 மில்லிகிராம் காட்டும் தராசு இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். 0.1 மில்லிகிராம் தராசில் ஒரு இலக்கம் பிசகினாலே மேலே சொன்ன வட்டத்தில் 2.5 சதவீதப் பிழை. தராசுக் கதவு மூடியிருக்கட்டும், ஏசி காற்று நேராக அடிக்க வேண்டாம், ஒவ்வொரு வட்டத்துக்கும் முன்னால் பூஜ்ஜியம் பாருங்கள். உலர்ந்த பிறகுதான் எடை. என்எம்பி மிச்சமிருந்தால் அதையும் சேர்த்து எடை போட்டவர் ஆவீர்கள்.

வட்டங்கள் எல்லாம் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஒவ்வொன்றையும் எண்ணிட்ட தனித்தனிக் குப்பியில் போட்டு, எடையை அங்கேயே நோட்டில் எழுதுங்கள். "அப்புறம் எழுதிக்கலாம்" என்பது இந்த வேலையில் செல்லாது. எழுதியதும் குப்பிகளைத் திரும்ப வேக்குவம் அவனுக்குள் வையுங்கள்.

படி 4: குளோவ்பாக்ஸுக்குள்

உள்ளே ஆர்கான் வாயு. நைட்ரஜன் மலிவாயிற்றே என்று தோன்றும், ஆனால் லித்தியம் அறை வெப்பநிலையிலேயே நைட்ரஜனோடு வினைபுரிந்து நைட்ரைடாகிவிடும். திரையில் ஆக்சிஜன், ஈரம் இரண்டும் 1 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கீழே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

மோதிரம், வாட்ச், வளையல் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, நைட்ரைல் கையுறை போட்டுக்கொண்டு கையை விடுங்கள். உள்ளே போகும் சாமான் எதுவானாலும் முதலில் உலர்ந்திருக்க வேண்டும், டிஷ்யூ பேப்பர் உட்பட. ஆன்டிசேம்பரில், அதாவது சாமான் உள்ளே போகும் இரட்டைக் கதவு அறையில் வைக்கும் குப்பிகளின் மூடியைத் தளர்த்தி வையுங்கள். இறுக்கி மூடிய குப்பி வெற்றிடத்தில் வெடித்துத் திறக்கும். மூன்று முறை வெற்றிடமாக்கி ஆர்கான் நிரப்பிய பிறகே உள்கதவு. உள்கதவும் வெளிக்கதவும் ஒரே நேரத்தில் திறந்திருக்கவே கூடாது. இது ஒன்றில் மட்டும் யாரும் உங்களை மன்னிக்க மாட்டார்கள்.

படி 5: அடுக்குவது

வரிசை இது: பிளஸ் குறியுள்ள பெரிய மூடி, அதில் பூச்சுப் பக்கம் மேலே பார்க்கும்படி கேத்தோடு வட்டம், கொஞ்சம் எலக்ட்ரோலைட் (லித்தியம் உப்பு கரைந்த திரவம்), 19 மில்லிமீட்டர் செபரேட்டர் (இரண்டு முனைகளும் தொடாமல் பிரிக்கும் படலம்), மறுபடி எலக்ட்ரோலைட், லித்தியம் வில்லை, ஸ்டீல் ஸ்பேசர் (இடத்தை நிரப்பும் தட்டு), ஸ்பிரிங், கேஸ்கெட் (பிளாஸ்டிக் வளையம்) உள்ள சின்ன மூடி.

லித்தியம் வெள்ளிபோல் பளபளக்க வேண்டும். மங்கியிருந்தால் பிரஷ்ஷால் சுரண்டுங்கள், கறுத்துப்போயிருந்தால் அந்த வில்லை வேண்டாம். எலக்ட்ரோலைட்டை மைக்ரோபிப்பெட்டால் அளந்து விடுங்கள். மெல்லிய பாலிமர் செபரேட்டருக்குக் கீழே 30, மேலே 30 மைக்ரோலிட்டர் போதும். எத்தனை என்பதைவிட எல்லாச் செல்லுக்கும் ஒரே அளவு என்பதுதான் முக்கியம். செபரேட்டருக்கு அடியில் குமிழி தெரிந்தால் ஓரத்திலிருந்து மெதுவாகத் தள்ளிவிடுங்கள்.

எலக்ட்ரோலைட்டில் இருக்கும் லித்தியம் ஹெக்ஸாஃபுளூரோபாஸ்பேட் உப்பு, ஈரம் பட்டால் ஹைட்ரோஃபுளூரிக் அமிலத்தை உண்டாக்கும். அந்த அமிலம் தோலில் பட்டால் தடவும் கால்சியம் குளுக்கோனேட் ஜெல் உங்கள் ஆய்வகத்தில் எங்கே இருக்கிறது என்று முதல் நாளே கேட்டு வையுங்கள். லித்தியம் தீப்பிடித்தால் தண்ணீரோ கார்பன் டைஆக்சைடு அணைப்பானோ கூடாது. உலோகத் தீக்கான டி வகுப்பு அணைப்பான், இல்லையென்றால் உலர்ந்த மணல்.

செல்லை அழுத்தி மூடும் கிரிம்பரில் சின்ன மூடி மேலே இருக்கும்படி வைத்து, உங்கள் ஆய்வகம் வழக்கமாகக் கொடுக்கும் அழுத்தத்தைக் கொடுங்கள். மூடிய செல்லை எடுக்கப் பிளாஸ்டிக் இடுக்கிதான். இரும்பு இடுக்கி இரண்டு முகத்தையும் ஒரே சமயத்தில் தொட்டால் அங்கேயே ஷார்ட். ஒரே தாளிலிருந்து மூன்று செல்லாவது செய்யுங்கள். ஒற்றைச் செல்லை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

படி 6: சைக்ளர் (சார்ஜ், டிஸ்சார்ஜ் செய்து அளக்கும் கருவி)

எலக்ட்ரோலைட் ஊற ஒரு பத்து மணி நேரம் விடுங்கள். அப்புறம் மின்னழுத்தத்தைப் பாருங்கள். 3 வோல்ட்டை ஒட்டியோ சற்று மேலேயோ இருந்தால் நல்லது. பூஜ்ஜியம் என்றால் உள்ளே ஷார்ட், பெரும்பாலும் செபரேட்டர் விலகியிருக்கும். எண் நிலையில்லாமல் ஆடினால் தொடர்பு சரியில்லை. ஸ்பிரிங்கை மறந்தீர்களா என்று யோசியுங்கள்.

3.2 மில்லிகிராமை 170-ஆல் பெருக்கினால் 0.544 மில்லி ஆம்பியர் மணி. சி/10 வேகம், அதாவது பத்து மணி நேரத்தில் ஒரு சார்ஜ் என்றால் மின்னோட்டம் 54 மைக்ரோ ஆம்பியர். எல்லைகள் 2.5 வோல்ட், 4.0 வோல்ட். எல்எஃப்பியில் லித்தியம் கேத்தோடுக்குள்ளேயே இருப்பதால் முதலில் சார்ஜ், பிறகு டிஸ்சார்ஜ். மில்லியையும் மைக்ரோவையும் மாற்றிப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். முதல் பத்து நிமிடம் பக்கத்திலேயே நின்று பாருங்கள்.

சரி, கிராஃப் வந்துவிட்டது. சார்ஜில் 3.4-க்குச் சற்று மேலேயும் டிஸ்சார்ஜில் சற்றுக் கீழேயும் நீண்ட சமதளம் தெரிய வேண்டும். லித்தியம் உள்ள பொருளும் லித்தியம் வெளியேறிய இரும்பு பாஸ்பேட்டும் தனித்தனிக் கட்டங்களாக (phase) ஒரே நேரத்தில் சேர்ந்திருப்பதால்தான் அந்தச் சமதளம். இரண்டு கோடுகளுக்கும் நடுவில் இடைவெளி அதிகமாக இருந்தால் உள் மின்தடை அதிகம். பூச்சு தாளில் சரியாக ஒட்டவில்லை, கார்பன் சரியாகக் கலக்கவில்லை, எலக்ட்ரோலைட்டில் சரியாக நனையவில்லை என்று இந்த வரிசையில் சந்தேகப்படுங்கள். 150-லிருந்து 160-க்குள் டிஸ்சார்ஜ் கொள்ளளவு வந்தால் உங்கள் கை தேறிவிட்டது. மூன்று செல்லும் ஒரே வடிவக் கோடு காட்டி, எண் மட்டும் ஆளுக்கொன்றாக வந்தால் நோட்டையும் தராசையும் போய்ப் பாருங்கள்.

சோதனை முடிந்த செல்லைக் குப்பைக்கூடையில் போடக் கூடாது. டிஸ்சார்ஜ் ஆனாலும் உள்ளே லித்தியம் உலோகம் அப்படியே இருக்கும். ஒவ்வொன்றையும் டேப் சுற்றி, பழைய செல்களுக்கென்று வைத்திருக்கும் டப்பாவில் போடுங்கள். டேப் சுற்றாமல் குவித்து வைத்தால் ஒன்றோடொன்று உரசிச் சூடாகும்.